பழைய எண்ணை அழைத்துக் காத்திருந்த மடிக்கணினி

பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் ஆற்றிக் குடித்து முடித்தாலும் விழித்தெழாத மடிக்கணினிகள் இன்று பல இல்லங்களில் உள்ளன. 'பழையதாகிவிட்டது' என்பது வீட்டாரின் தீர்ப்பு. 'மதர்போர்டு தளர்ந்துவிட்டது' என்பது கடைக்காரரின் தீர்ப்பு. தீர்ப்புகள் உடனுக்குடன் கிடைத்துவிடுகின்றன, விசாரணைதான் நடைபெறுவதில்லை. அத்தகைய விசாரணை ஒன்றை நடத்திப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. கலைப் பட்டதாரியான எனக்குக் கணினிக் கல்வி கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பொறுமை மட்டுமே கைம்முதல்.

என் லாத்தாவின் மகள் கல்லூரியில் இறுதியாண்டு பயில்கிறாள். அவளிடம் இருப்பது பழைய மடிக்கணினி. இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைச் செயலி கொண்டது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமெனில், இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. ஆகவே தோழி ஒருத்தியின் துணையுடன் அவள் டெபியன் 13 என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டாள். 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம், லினக்ஸ் குடும்பத்தின் மூத்த உறுப்பினர்களுள் ஒன்று. பதின்மூன்றாம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தது.

தொடக்கத்தில் குறையில்லை. ஏறத்தாழ ஐம்பது விநாடிகளில் கணினி ஆயத்தமாகிவிடும். சில வாரங்கள் கழித்து, பரீட்சார்த்தமாக வேறொரு லினக்ஸையும் அதே வட்டில் பக்கத்தில் நிறுவிப் பார்த்தார்கள். அன்று முதல் டெபியன் விழித்தெழ மூன்று நிமிடங்கள் பிடித்தன. செயல்திட்ட அறிக்கையை ஒப்படைக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் காட்டினார்கள், 'புதிது வாங்குவதே நல்லது' என்று சொல்லியனுப்பினார்கள். லாத்தா, அடுத்த பருவக் கட்டணத்திற்கென்று சேர்த்துவந்த சீட்டுப் பணத்தை எடுக்கத் துணிந்துவிட்டார்.

"கட்டணத்திற்கு என்ன செய்வீர்கள் லாத்தா?" என்றேன்.

"அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் தம்பி. பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாதே" என்றார்.

இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேரம் எங்கே போகிறது?

'மெதுவாக இருக்கிறது' என்பது முறையீடு மட்டுமே. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் விசாரணை நகரும். இன்றைய லினக்ஸ் அமைப்புகளுட் பெரும்பாலானவற்றில் 'சிஸ்டம்டி' என்ற மேலாண்மை நிரல் உள்ளது. 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று கட்டளையிட்டால் அக்கணக்கை அது ஒப்புவித்துவிடும். எங்களுக்குக் கிடைத்த விடை இது: கணினியின் அடிப்படை நிரலுக்கு 8 விநாடி, இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு 7 விநாடி, கருநிரலான கெர்னலுக்கு 38 விநாடி, ஏனைய சேவைகளுக்கு 117 விநாடி. மொத்தம் 170 விநாடிகள்.

அடிப்படை நிரல் எட்டே விநாடிகளில் தன் பரிசோதனைகளை முடித்துவிட்டது. ஆகவே மதர்போர்டின் மீது சுமத்தப்பட்ட பழிக்கு அங்கே சான்றில்லை. தாமதம் இயங்குதளத்தின் எல்லைக்குள் இருந்தது.

அடுத்து, அதே கட்டளையுடன் 'பிளேம்' என்ற சொல்லைச் சேர்த்தோம். எந்தச் சேவை எத்தனை விநாடி எடுத்தது என்ற பட்டியல் வந்தது. முதலிடத்தில் இருந்ததே ஒன்பது விநாடிதான்! 117 விநாடிகளை விழுங்கியது யார்? ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. இப்பட்டியல், வேலை செய்த சேவைகளின் நேரத்தையே காட்டும். ஏதேனும் ஒரு சாதனத்தின் வருகைக்காக வீணே காத்திருந்த நேரம் அதில் இடம்பெறாது.

"மாமா, தொடங்கும்போது திரையில் ஏதோ ஒரு வரி வரும், விநாடிகளும் ஓடும். நான் அதைப் படித்ததேயில்லை" என்றாள் பிள்ளை.

மீண்டும் தொடங்கச் செய்து, இம்முறை படித்தோம். ஒரு நீண்ட எண்ணைக் குறிப்பிட்டு, அவ்வெண்ணுடைய வட்டுப் பகுதிக்காகக் காத்திருப்பதாக அவ்வரி சொல்லிற்று. பக்கத்திலேயே 'ஒரு நிமிடம் முப்பது விநாடி' என்ற வரம்பும் இருந்தது. வரம்பு முடிந்ததும், பரிமாற்றுப் பகுதியைச் சேர்க்க இயலவில்லை என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னரே, உறக்கநிலையிலிருந்து மீள்வதற்கான சாதனத்திற்காகக் காத்திருந்து கைவிட்டதாக இன்னொரு வரியும் தோன்றி மறைந்தது. விடை நாள்தோறும் அவள் கண்முன் நின்றிருக்கிறது!

எண் மாறிய மாணவன்

நினைவகம் நிறையும்போது துணைக்கு உதவ, வட்டில் ஒதுக்கப்படும் இடத்திற்கு 'ஸ்வாப்' என்று பெயர். பரிமாற்றுப் பகுதி எனலாம். வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் 'யூயூஐடி' என்னும் தனி அடையாள எண் உண்டு. அப்பகுதியைப் புதிதாக வடிவமைத்தால் பொதுவாக எண்ணும் புதிதாகிவிடும்.

இரண்டாவதாக நிறுவப்பட்ட லினக்ஸ், ஏற்கெனவே இருந்த பரிமாற்றுப் பகுதியைத் தானும் பயன்படுத்திக்கொள்ள எண்ணி, அதை மறுபடியும் வடிவமைத்துவிட்டது. எண் மாறியது. டெபியனின் பதிவேட்டிலோ பழைய எண்ணே நீடித்தது.

மதரஸாவில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் 'பதினேழு, பதினேழு' என்று அழைக்கிறார். அந்த மாணவன் முதல் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறான். ஆனால் அவனுக்குப் புது எண் கொடுக்கப்பட்டுவிட்டது. பதிவேட்டைத் திருத்தாதவரை ஆசிரியர் நாள்தோறும் அழைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். மடிக்கணினிக்கு நேர்ந்ததும் இதுவே. தேடிய பகுதி அதே வட்டில், அதே இடத்தில் நலமாக இருந்தது.

திருத்திய முறை

முதலில் அவளுடைய ஆவணங்கள் அனைத்தையும் பென் டிரைவில் படியெடுத்தோம். பின்னர் 'பிளாக்கைடி' என்ற கட்டளையால் வட்டுப் பகுதிகளின் இன்றைய எண்களை அறிந்து தாளில் எழுதிக்கொண்டோம். 'இடிசி' அடைவிலுள்ள 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்புதான் அந்தப் பதிவேடு. அதற்கும் ஒரு படி எடுத்துவைத்த பின்பு, பரிமாற்றுப் பகுதிக்குரிய வரியில் மட்டும் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணை இட்டோம்.

உறக்கநிலையிலிருந்து மீள்வதற்கான குறிப்பு வேறொரு கோப்பில் இருந்தது. 'ரெஸ்யூம்' என்ற பெயருடைய அக்கோப்பிலும் எண்ணைத் திருத்தி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கட்டளையை இயக்கினோம். இதைச் செய்யாவிடில், தொடக்கத்தின் முதற்கட்டத்தில் ஏற்படும் முப்பது விநாடித் தாமதம் அப்படியே இருந்திருக்கும்.

கணினியை மூடித் திறந்தோம். கெர்னல் 8 விநாடி, ஏனையவை 27 விநாடி, மொத்தம் 50. இரண்டு நிமிடங்கள் மிச்சம். செலவு ஒரு காசுமில்லை. சீட்டுப் பணம் லாத்தாவிடமே தங்கியது. அறிக்கையும் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது.

ஏனைய காரணங்கள்

எல்லா மடிக்கணினிகளின் தாமதத்திற்கும் இதுவே காரணம் என்று கருதிவிடலாகாது. பழைய கணினிகளில் உள்ள சுழலும் வன்வட்டு இயல்பிலேயே மெதுவானது. அதை நீக்கி எஸ்எஸ்டி பொருத்தினால் பெரும் மாற்றம் தெரியும். வட்டில் பழுதான பகுதிகள் தோன்றியிருந்தாலும் தாமதம் ஏற்படும். வட்டின் உடல்நலத்தைக் காட்டும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்த்தால் இது பெரும்பாலும் தெரியவரும். அவ்வாறாயின் ஆவணங்களைக் காப்பதே முதற்கடமை, வேகம் பிறகு. இணைய இணைப்புக்காகக் காத்திருக்கும் சேவையும் சிலவேளை நேரத்தை விழுங்கும்.

மேலும், 'விண்டோஸில் உடனே திறந்ததே' என்று ஒப்பிடுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதி உண்டு. மூடும்போது கருநிரலின் நிலையை வட்டில் சேமித்துவைத்து, திறக்கும்போது அதையே மீட்டெடுக்கும் ஏற்பாடு அது. அடியிலிருந்து முழுமையாகத் தொடங்கும் ஓர் அமைப்பை அதனோடு ஒப்பிடுவது நேர்மையான அளவீடு ஆகாது.

வாசகர்கள் இத்தகைய திருத்தங்களில் இறங்குமுன் ஆவணங்களைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பாருங்கள். பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழையானாலும் கணினி திறக்காமலே போகக்கூடும். ஆதலால் முதன்முறை செய்வோர் அறிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம்.

லாத்தாவின் மகள் இப்போது திரையில் ஓடும் வரிகளைப் படிக்கிறாள். சென்ற வாரம் அவளுடைய தோழியின் மடிக்கணினி மெதுவாகிவிட்டதாம். "கடைக்குக் கொண்டுபோகுமுன் என்னிடம் காட்டு" என்று சொல்லியிருக்கிறாள்.