டிரெய்லருக்கு ஜிபிஎஸ்: தகவல் யார் கைக்குப் போகிறது?

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவில் வண்டிகள் வீடு தங்குவதில்லை. வெளிமாவட்டத்திலிருந்து வந்த அறுப்பு மெஷின் ஒரத்தநாட்டில் இரண்டு நாள், திருவையாற்றில் மூன்று நாள் என ஊர் மாறிக்கொண்டே இருக்கும். நெல் ஏற்றிய டிரெய்லரைக் கொள்முதல் நிலைய வாசலில் கழற்றிவிட்டு, டிராக்டர் அடுத்த வயலுக்குப் போய்விடும். முறை வரும்வரை டிரெய்லர் சாலையோரத்தில் நிற்கும். இணைப்பு ஊசியை உருவி வேறொரு டிராக்டரில் மாட்டினால், யார் வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

இந்தப் பயத்தில்தான் பலரும் ஜிபிஎஸ் கருவி வாங்குகிறார்கள். வாங்குவது நல்லதுதான். ஆனால், அது யாருக்குத் தகவல் சொல்கிறது, எப்போது சொல்லாமல் போகும், வண்டி காணாமல் போனால் அந்தத் தகவலை வைத்து என்ன செய்வது என்ற மூன்றும் தெரியாவிட்டால் போட்ட காசு வீண்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மேலேயிருந்து சாட்டிலைட் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அமெரிக்காவின் ஜிபிஎஸ் ஆனாலும் இஸ்ரோவின் நாவிக் ஆனாலும், செயற்கைக்கோள் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் மட்டுமே சிக்னலாக அனுப்புகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கொண்டு, தான் நிற்கும் இடத்தைக் கருவியே கணக்கிடுகிறது. பிறகு உள்ளிருக்கும் சிம் கார்டு வழியாக உங்கள் கைபேசிக்கு அனுப்புகிறது. ஆகவே ஆண்டுச் சந்தா முடிந்த மறுநாளே கருவி ஊமையாகிவிடலாம். சந்தா தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

டிராக்டரில் பொருத்தும் கருவி வண்டியின் பேட்டரியில் ஓடும். டிரெய்லருக்குச் சொந்த பேட்டரி கிடையாது. அதற்குத் தனி பேட்டரி உள்ள கருவிதான் வேண்டும். சார்ஜை மிச்சப்படுத்த அது நாளுக்குச் சில முறை மட்டுமே விழித்துத் தகவல் அனுப்பும். ஆகவே, வண்டி அசைந்தவுடன் விழித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரும்புத் தகடு சிக்னலை மறைக்கும் என்பதால் அடிச்சட்டத்துக்குள் புதைக்கக் கூடாது. சேறும் வாய்க்கால் தண்ணீரும் படும் வண்டி இது. தூசியும் தண்ணீரும் தாங்கும் ஐபி 67 தரமாவது இருக்க வேண்டும்.

சிம் இல்லாத கருவியா? கவனம்

டவர் இல்லாத இடத்திலும் நேரடியாகச் செயற்கைக்கோளுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் வெளிநாட்டில் கடைகளில் கிடைக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வாங்கி வந்தால் வம்பு. இந்தியாவில் உரிய அனுமதியின்றி இத்தகைய தொடர்புக் கருவியை வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். மல்லிப்பட்டினம், நாகப்பட்டினம் போன்ற கடற்கரையின் மீன்பிடிப் படகுகளுக்கென இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களின் கதை வேறு. டவர் எட்டாத கடலில் உயிர் காக்க அரசே தரும் கருவி அது.

கடன் வண்டியும் கருவியும்

2016 மார்ச்சில் ஒரத்தநாடு பகுதியில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துச் சென்ற காணொளி நாடெங்கும் பரவியது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விளக்கம் கேட்டது. அன்று வண்டியைத் தேடி வயலுக்கு ஆள் வர வேண்டியிருந்தது. இன்று கடன் கொடுத்தவர் பொருத்திய கருவியே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சில கருவிகளால் எங்கோ இருந்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் ஆகாமலும் செய்ய முடியும். மழை மேகம் திரண்டு நிற்கையில் வண்டி நின்றுபோனால், போவது தவணை மட்டுமல்ல, விளைச்சலும்தான்.

எனவே கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வண்டியில் கருவி உண்டா? இருப்பிடத்தை யார் யார் பார்ப்பார்கள்? இன்ஜினை நிறுத்தும் வசதி உண்டா? கடன் முடிந்ததும் கழற்றித் தருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நிதி நிறுவனங்கள் கடன் ஒப்பந்தத்தின் நகலையும் இணைப்புகளையும் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்கும் முன் பாக்கியைக் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படி என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டுப் போன் செய்யக் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

இருப்பிடத்தை யார் பார்க்கிறார்கள் என்பது அந்தரங்கம் சார்ந்த கேள்வியும்கூட. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜாமீனில் வந்தவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் மேப்பில் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் சொன்னது. தனியார் நிறுவனங்கள் உங்கள் விவரங்களைக் கையாள்வதை, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நெறிப்படுத்துகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலாகின்றன. வண்டி ஓட்டும் டிரைவருக்கும் இந்த மரியாதை உண்டு. கருவி இருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வண்டி காணாமல் போனால்

ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கு நீங்களே ஆள் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அவசர உதவி எண் 112-க்குப் பேசுங்கள். அன்றே காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து, நகலை இலவசமாக வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். நிலையத்தில் டிரெய்லரின் ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் கேட்பார்கள். டிராக்டரின் பதிவும் காப்பீடும் டிரெய்லருக்குத் தானாகப் பொருந்திவிடாது. அதற்குத் தனியாக இருக்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். திருடுபோன ஒரு டிராக்டர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது. அப்படியும் மறுத்தாலோ, விற்ற கருவி சொன்னபடி வேலை செய்யாவிட்டாலோ, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பாருங்கள். பில்லும் வாரண்டி அட்டையும் கையில் இருக்கட்டும்.

கருவி இடத்தை மட்டுமே காட்டும். வண்டி உங்களுடையது என்று நிரூபிப்பவை காகிதங்கள். அடுத்த அறுவடைக்கு முன் டிரெய்லரின் பதிவையும் காப்பீட்டையும் சரிபார்த்து, சேஸிஸ் எண்ணைப் படமெடுத்து வைத்துவிட்டு, அதன்பிறகு ஜிபிஎஸ் கடைக்குப் போங்கள்.