எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ: உள்ளே என்ன படிப்பு, நம்ம பணத்துக்கு என்ன கணக்கு?



நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கமிருந்து நம்ம சேனலுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், பதினைந்து வருஷம் வேலை பார்த்தாச்சு. இப்போ எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ பண்ணலாமா? ஃபீஸ் பல லட்சம் சொல்றாங்க.”

கேட்பவர்கள் பெரும்பாலும் 35-லிருந்து 45 வயதுக்குள் இருப்பவர்கள். வீட்டுக் கடன் ஓடிக்கிட்டிருக்கும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பாங்க. இந்தப் பணம் திரும்பி வரலைன்னா, பிள்ளையின் கல்லூரிச் செலவில்தான் கை வைக்கணும். அதனால் அங்கே என்ன சொல்லித் தர்றாங்க, அது நமக்குக் கட்டுப்படியாகுமா என்ற இரண்டையும் பார்த்துடுவோம்.

உள்ளே என்ன படிக்கிறாங்க?

வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கான இந்தப் படிப்பை 1943-ல் முதலில் ஆரம்பித்தது சிகாகோ பல்கலைக்கழகம். பாடங்கள் சாதாரண எம்பிஏவில் இருப்பவைதான்: கணக்கியல், நிதி, பொருளாதாரம், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ், மனிதவளம், புள்ளியியல், ஸ்ட்ராட்டஜி. ஆனா வகுப்பில் இருக்கும் ஆள் வேற. ஒரு புரொடக்ஷன் மேனேஜருக்குத் தன் டிபார்ட்மெண்ட் அத்துப்படி. பக்கத்து ரூமில் இருக்கும் ஃபைனான்ஸ்காரர் ஏன் தன் மெஷின் கோரிக்கையைத் தள்ளிப் போடுறார்னுதான் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புறதுதான் இந்தப் படிப்பின் வேலை.

பெரும்பாலும் ‘கேஸ்’ வைத்துத்தான் நடத்துவாங்க. நிஜ நிறுவனம், நிஜ எண்கள் கொடுத்து, “நீங்க அந்த நாற்காலியில் இருந்தா என்ன முடிவு எடுப்பீங்க?” என்று கேட்பாங்க. நமக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்குவோம்.

தாழையூத்து சங்கர்நகர் சிமெண்ட் ஆலை. கல்லிடைக்குறிச்சிக்காரரான எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946-ல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை. 1949-ல் ஓட ஆரம்பிச்சது. அல்ட்ராடெக் நிறுவனம் இந்தக் கம்பெனியில் ஏற்கெனவே சுமார் 23 சதவீதப் பங்கு வைத்திருந்தது. 2024 ஜூலையில், புரமோட்டர் தரப்பிடமிருந்து இன்னும் 32.72 சதவீதத்தை, ஒரு பங்கு 390 ரூபாய் வீதம், 3,954 கோடிக்கு வாங்க முடிவு செய்தது. டிசம்பரில் கட்டுப்பாடு கைமாறியது.

இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு பாடமும் எப்படிப் பார்க்கும்?

- நிதி: நஷ்டத்தில் இருந்த கம்பெனிக்கு 390 ரூபாய் ஏன்? புதுசா ஆலை கட்ட ஆகும் செலவோடு ஒப்பிட்டா இது மலிவா?
- ஆபரேஷன்ஸ்: ஒரு டன் சிமெண்டுக்கு நிலக்கரி, மின்சாரச் செலவு எவ்வளவு? பழைய சூளையில் முதலீடு போட்டா அது எவ்வளவு குறையும்?
- மார்க்கெட்டிங்: சங்கர், கோரமண்டல் என்று கொத்தனார் வாயில் பழகிய பெயர்களை வைத்துக்கணுமா, மாத்தணுமா?
- சட்டம்: பட்டியலிட்ட கம்பெனியில் 25 சதவீதத்தைத் தாண்டினால், மற்ற பங்குதாரர்களுக்கும் ஓப்பன் ஆஃபர் கொடுக்கணும் என்கிறது செபி விதி. போட்டி ஆணையத்தின் அனுமதியும் வேணும்.
- மனிதவளம்: முப்பது வருஷமா ஒரு நிர்வாகத்தின் கீழ் வேலை பார்த்தவங்களை அடுத்த நிர்வாகத்துக்கு எப்படிக் கொண்டு வர்றது?

சிமெண்டில் ஒருத்தர், பேங்கில் ஒருத்தர், ஐடியில் ஒருத்தர்னு உட்கார்ந்து இதை விவாதிப்பாங்க. அந்த விவாதத்துக்குத்தான் பாதி ஃபீஸ் என்று வைத்துக்கலாம்.

டிகிரியா, சர்டிஃபிகேட்டா?

ஐஐடி மெட்ராஸில் வேலை பார்த்துக்கிட்டே படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ இருக்கு. ஐஐஎம் திருச்சி சென்னையில் இதே மாதிரி ஒன்றை நடத்துது. 2018 ஜனவரி 31 முதல் அமலுக்கு வந்த ஐஐஎம் சட்டத்துக்குப் பிறகு ஐஐஎம்களும் டிகிரி கொடுக்கலாம். ஆனா சில மாத ‘எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்’ என்று மொபைலில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் டிகிரி கிடையாது.

ஒரு சின்ன அடையாளம் சொல்றேன். ஐஐஎம்கள் டிகிரி, டிப்ளமோ தரும் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட படிப்புகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் தரும் குறுகிய காலப் பயிற்சிக்கு 18 சதவீதம் உண்டு. ஃபீஸுக்குப் பக்கத்தில் ‘பிளஸ் ஜிஎஸ்டி’ என்று இருந்தால், கடைசியில் கையில் என்ன தருவாங்கன்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க.

இப்போ பணக் கணக்கு

இது உதாரணம்தான், உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. ஃபீஸ் 16 லட்சம். அதில் 4 லட்சம் கைக்காசு, 12 லட்சம் கடன். 10.5 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 20,230 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 5 லட்சம். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 45 முறை போய்வர, தங்க, ஒரு தடவைக்கு 5,000 வைத்தால் 2.25 லட்சம். ஆக மொத்தம் 23.25 லட்சம்.

படிப்பால் சம்பளம் மாதம் 40,000 கூடுதுன்னு வைப்போம். 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால் கையில் வருவது சுமார் 28,000. போட்டதை எடுக்கவே ஏறக்குறைய ஏழு வருஷம். 38 வயசில் சேர்ந்து 40-ல் முடித்தால் 47-ல் தான் லாபக் கணக்கே ஆரம்பம். 50 வயசில் சேர்ந்தால், ரிட்டையர்மெண்ட் முன்னாடி நிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. படிக்காமலே வந்திருக்கும் இன்கிரிமெண்டை இந்த 40,000-ல் சேர்க்கக் கூடாது. படிப்பால் மட்டும் கூடியதைத்தான் எடுக்கணும்.

வரிச் சலுகை

- கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் கழிவு உண்டு. உச்சவரம்பு இல்லை, வட்டி கட்டத் தொடங்கும் வருஷத்திலிருந்து அதிகபட்சம் 8 வருஷம். அசலுக்குக் கிடையாது.
- இது பழைய வரி முறையில் மட்டும். இதுக்காகவே பழைய முறைக்குத் தாவினால், வேறு இடத்தில் அதிக வரி கட்ட நேரலாம். இரண்டையும் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.
- கடன் வங்கி மாதிரியான நிதி நிறுவனத்திடம் வாங்கியிருக்கணும். மாமனாரிடம் வாங்கிய கைமாத்து செல்லாது.
- உங்க சொந்த ஃபீஸை 80சி-யில் காட்ட முடியாது. அது பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்.
- 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும். ஃபைல் பண்ணும்போது பார்த்துக்குங்க.

கம்பெனியே ஃபீஸ் கட்டுதா? பாண்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. எத்தனை வருஷம் இருக்கணும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்டணும் என்ற இரண்டு வரிதான் முக்கியம்.

யாருக்கு ஒத்து வரும்?

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு பிரிவைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க, அடுத்து முழு ஆலையின் பொறுப்பு வரப் போகுதுன்னா இந்தப் படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும். படித்ததைத் திங்கட்கிழமையே பயன்படுத்தலாம். குடும்பத் தொழிலை எடுத்து நடத்தப் போறவங்களுக்கும் அப்படித்தான்.

அதே நாற்காலி, அதே வேலை, பெயருக்குப் பின்னாடி மூணு எழுத்து மட்டும் கூடணும்னா, 23 லட்சம் ரொம்ப அதிகம். உங்களுக்குத் தேவை பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியணும் என்பது மட்டும்தான்னா, உங்க கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துக்கிட்டு அக்கவுண்ட்ஸ்காரர் பக்கத்தில் நாலு சனிக்கிழமை உட்காருங்க. ஒரு டீ செலவோடு முடிஞ்சிடும்.

சேர்றதுக்கு முன்னாடி உங்க மேலதிகாரியிடம் ஒரே கேள்வி கேளுங்க: “இதை முடிச்சா எனக்கு என்ன பொறுப்பு தருவீங்க?” பதில் தெளிவா வந்தா ஃபார்ம் வாங்குங்க. மழுப்பினாங்கன்னா, வேற கம்பெனியில் அந்தப் பொறுப்பு கிடைக்குமான்னு விசாரிச்ச பிறகு கடனுக்குப் போங்க.

உங்க ஃபீஸ், வட்டி, சம்பள எண்களைக் கமெண்டில் போடுங்க. கம்பெனி பெயர் வேண்டாம். அடுத்த வீடியோவில் சிலருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.