கால்குலேட்டரும் கணிப்பொறியும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்லும் மணிலாவும் கொண்டுசெல்லும் உழவர் பெருமக்கள், வரவேண்டிய தொகையைக் கால்குலேட்டரிலோ கைப்பேசியிலோ போட்டுப் பார்ப்பது வழக்கம். இரண்டும் எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

நெல் 20 மூட்டை, மூட்டை ரூ.1,500 வீதமும், வேறொரு ரகம் 12 மூட்டை, ரூ.1,600 வீதமும் விலைபோனதாக வைத்துக்கொள்வோம். (கணக்கிற்காகச் சொன்ன விலை, கூடுதலாகக் கிடைத்தால் மகிழ்ச்சியே.) 20 பெருக்கல் 1500 கூட்டல் 12 பெருக்கல் 1600 என்று வரிசையாக அழுத்துங்கள். கைப்பேசி ரூ.49,200 என்று சரியாகக் காட்டும். சாதாரண கால்குலேட்டரோ ரூ.4,80,19,200 என்று காட்டும்!

கால்குலேட்டர் பழுதாகிவிடவில்லை. அது, அடுத்து என்ன வரும் என்று காத்திராமல், அழுத்த அழுத்தக் கணக்கை முடித்துக்கொண்டே போகிறது. 30,000 உடன் 12 ஐக் கூட்டி, வந்த 30,012 ஐ 1,600 ஆல் பெருக்கிவிடுகிறது. கைப்பேசி என்பது சிறு கணிப்பொறி. முழு வரியையும் நினைவில் வைத்து, பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்று தனக்குள் எழுதி வைக்கப்பட்ட கட்டளைப்படி நடக்கிறது. இந்தக் கட்டளைத் தொகுப்பே 'புரோகிராம்'. சாதாரண கால்குலேட்டரில் நாம் புதிதாக ஒன்றை எழுதி வைக்க இயலாது, கணிப்பொறியில் இயலும். 'ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேலிருந்தால் தனியே குறித்துக் காட்டு' என்று ஒருமுறை எழுதி வைத்தால், ஆயிரம் பேருடைய நெல்லுக்கும் அவ்வாறே செய்யும்; பதிவையும் காத்துவைக்கும்.

ஆனால் இரண்டும் நெருங்கிய உறவே. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி, ஜப்பானின் பிசிகாம் கால்குலேட்டருக்காகவே உருவாக்கப்பட்டது.

2016 ஏப்ரல் 14இல் தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தையில், வியாபாரிகள் பதியும் விலைகளை ஒப்பிட்டு உயர்ந்ததைக் காட்டுவது கணிப்பொறியே. எனினும் எடையைத் தட்டச்சு செய்பவர் 75 ஐ 57 என்று அடித்துவிட்டால், கணிப்பொறி அதையும் பிழையின்றிப் பெருக்கித் தரும். ஆகவே ரசீதில் தொகைக்கு முன் எடையைப் பாருங்கள்.

கால்குலேட்டருக்கு வருவோம். கரண்ட் இல்லாவிட்டாலும் களத்துமேட்டில் உதவுவது அதுதான். முதலில் எம்ஆர்சி பொத்தானை இருமுறை அழுத்திப் பழைய கணக்கை அழியுங்கள். 20 பெருக்கல் 1500 போட்டு எம் பிளஸ்; பிறகு 12 பெருக்கல் 1600 போட்டு மீண்டும் எம் பிளஸ். இப்போது எம்ஆர்சியை ஒருமுறை அழுத்தினால் 49,200 வரும்.