மகளை ‘வழிகாட்டி அக்கா’விடம் அனுப்பலாமா?

பெண்பிள்ளைகளுக்கான வழிகாட்டித் திட்டம் உங்கள் சபையிலும் தொடங்கப்போவதாக ஞாயிறு ஆராதனையில் அறிவித்திருக்கலாம். மகளின் பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே என்னதான் நடக்கும்? சபையில் அனுபவமுள்ள ஒரு பெண்ணின், அதாவது ‘வழிகாட்டி அக்கா’வின் பொறுப்பில் ஓர் இளம்பெண்ணையோ, மூன்று நான்கு பேரையோ விடுவார்கள். அவர்கள் குறிப்பிட்ட நாட்களில் சந்தித்துப் பேசுவார்கள், ஜெபிப்பார்கள். ஓய்வுநாள் பள்ளியில் பாடம்தான் நடக்கும்; இங்கேயோ பிள்ளையின் படிப்பு, வேலை, பயம், வீட்டுக் கவலை எல்லாமே பேச்சுதான். மூத்த பெண்கள் இளம்பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று தீத்து நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதைத்தான் பல சபைகள் இதற்கு ஆதாரமாகக் காட்டுகின்றன.

இது புது யோசனையா? இல்லை. 1875-இல் இங்கிலாந்தில் மேரி எலிசபெத் டவுன்செண்ட் என்ற பெண்மணி ‘கேர்ள்ஸ் ஃபிரண்ட்லி சொசைட்டி’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். வீட்டுவேலைக்காகக் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போய்த் தனியாகத் தவித்த பெண்களுக்குச் சபையிலிருந்து ஒரு துணை கிடைக்கச் செய்தது அது. பெண் ஊர் மாறினால், புது ஊரில் உள்ள பொறுப்பாளருக்குத் தகவல் போகும். அருமையான ஏற்பாடு.

ஆனால் அதன் விதிகளில் ஒன்று, ‘நன்னடத்தை’ தவறியவள் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. யாருக்குத் துணை அதிகம் வேண்டுமோ அவளையே அது வெளியே தள்ளியது. அதனால்தான் சொல்கிறேன், பெயர் கொடுக்கும் முன் பொறுப்பாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: “பிள்ளை தவறு செய்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” ‘நீக்கிவிடுவோம்’ என்றால் அங்கே அனுப்பாதீர்கள்.

மகள் சொல்வதையெல்லாம் அக்கா உங்களிடம் சொல்வாரா? சொல்லக் கூடாது. தோழியோடு சண்டை, மதிப்பெண் பயம், மனதுக்குப் பிடித்த பையன் போன்ற பேச்சு அவர்களுக்குள் இருக்கட்டும். அக்காவை உளவாளியாக்கினால் அடுத்த வாரமே பிள்ளை வாயை மூடிக்கொள்வாள்.

ஆபத்தான விஷயமாக இருந்தால்? அப்போது ரகசியம் கிடையாது. இதை முதல் சந்திப்பிலேயே அக்கா பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம்). மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ‘சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல ஆயருக்கோ கமிட்டிக்கோ அதிகாரம் இல்லை. குற்றம் செய்தவர் சபையில் பெரிய மனிதராக இருந்தாலும் இதுதான். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

எங்கே சந்திப்பார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஆலய வளாகத்தில், மற்றவர்கள் கண்ணில் படும் இடமாக இருக்க வேண்டும். பூட்டிய அறையோ, நள்ளிரவு வாட்ஸ்அப் பேச்சோ வேண்டாம். அக்காக்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்களா என்று கேட்பதும் உங்கள் உரிமை. கேட்டால் போதகர் வருத்தப்படுவாரோ என்று தயங்காதீர்கள்.

இதனால் மகளுக்கு என்ன பயன்? வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பம் போட வேண்டும், சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போக வேண்டும், விடுதி தேட வேண்டும். அதே வழியில் நான்கு வருடம் முன்னால் போன ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி பயம் போய்விடும்.

அரசு உதவிகளைத் தெரிந்துகொள்ளவும் அக்கா கைகொடுப்பார்; ‘புதுமைப் பெண்’ திட்டம் ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்கு மாதம் ரூ.1000 கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவருக்கும் இது பின்னர் விரிவாக்கப்பட்டது. திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளில் பல அந்த வகைதான். இதை நேரத்தில் எடுத்துச்சொல்ல ஓர் அக்கா போதும்.

மகளுக்கே விருப்பமில்லை என்றால்? கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று முறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அக்காவோடு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். காரணம் சொல்ல அவள் தயங்கினாலும் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.