சேர்ந்திசையை நடத்துபவர்

எங்கள் பென்னாகரம் வட்டாரப் பள்ளிகளில் காலை வழிபாட்டுப் பாடலைக் கேட்டவர்கள் இதனை அறிவார்கள். பிள்ளைகள் ஒன்றாகத்தான் தொடங்குவர். மூன்றாம் அடிக்குள் முன்வரிசை ஓடிவிடும். பின்வரிசை அதனைத் துரத்தும். குரலின் குற்றமன்று இது. நடத்துவார் இல்லாத குறை. சேர்ந்திசைக் குழுவின் முன்னே நிற்பவரோ மேடையில் ஒரு சொல்லும் பாடுவதில்லை. “பிறகு அவருக்கு என்ன ஐயா வேலை?” என்று மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு.

பஜனையில் எல்லோரும் ஒரே சுரத்தைப் பாடுவர். மேனாட்டுச் சேர்ந்திசையிலோ பெண்குரல் இரண்டு, ஆண்குரல் இரண்டு என நான்கு பகுதிகள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களில் செல்லும். பாடுவோருக்குப் பக்கத்துக் குரலே பெரிதாகக் கேட்கும். முழுப் பாட்டும் எதிரே நிற்பவர் செவிக்கே எட்டும். அவருடைய வலக்கை காலத்தைக் காட்டும்; இடக்கை ஒரு பகுதியை எழுப்பி மற்றொன்றை அடக்கும். தொடக்கத்தில் கை சற்றே உயர்வது, அனைவரும் ஒருங்கே மூச்சை இழுப்பதற்கான குறிப்பு.

தமிழில் இன்னுமொரு பொறுப்பு உண்டு. ‘விடு’ என்பதை நீட்டினால் ‘வீடு’ ஆகிவிடும். ‘கல்’ நீண்டால் ‘கால்’. நாற்பது பேர் சேர்ந்து நீட்டிவிட்டால் கவிஞர் சொன்ன பொருள் காற்றோடு போயிற்று! ஈற்றிலுள்ள ‘ம்’மை ஆளுக்கொரு நேரத்தில் மூடினாலும் சொல் சிதறும்.

இக்கலையை நம் மொழியில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் எம். பி. சீனிவாசன் (1925–1988). ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்திற்கு இசையமைத்தவர். மலையாளத் திரையிசையிலும் புகழ் பெற்றவர். 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்னும் குழுவை உருவாக்கினார். பாரதியார் பாடல்களைச் சேர்ந்திசையாக அமைத்தார். எளிய செயலன்று அது. மோகனத்துக்கு ஐந்தே சுரங்கள். துணைக்குரலில் மத்தியமமோ நிஷாதமோ புகுந்தால் அது மோகனமாக இராது. இதனாலேயே சேர்ந்திசை நம் இசைக்கு ஒவ்வாது என்பார் உளர். நான் உடன்படேன், அளவறிந்து அமைப்பவர் கையில் அது ஒவ்வும்.

இலண்டனில் 1924-இல் தோன்றிய ‘பி.பி.சி. சிங்கர்ஸ்’ ஊதியம் பெறும் தொழிற்குழு. இத்தகைய குழுவினர் இசைக்குறியீட்டைப் பார்த்த அளவில் பாடவல்லவர்கள். நடத்துபவர் நேரே நயத்துக்குப் போகலாம். கேட்டுக் கற்கும் நம் இளைஞர்களுக்கோ அவரே ஆசிரியருமாக வேண்டும். மேடையில் வாய் திறவாத அவர், ஒத்திகையில் நான்கு பகுதிகளையும் தாமே பாடிக் காட்டுவார். பெண்குரல் பகுதியைத் தம் கட்டைக்குரலில் பாடும்போது பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு.