கடல் கடந்து வந்த வயலின், தெருவைக் கடக்க முடியாத பறை

திருவையாற்றில் காவிரிக் கரையில் ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனை நடைபெறுகிறது. நூற்றுக்கணக்கான இசைக்கலைஞர்கள் ஒன்றுகூடிப் பாடுகின்றனர். தெலுங்குக் கீர்த்தனைகளும் ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினும் அங்கே ஒலிக்கின்றன. தெலுங்கும் வயலினும் ஒரு காலத்தில் தஞ்சை மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவை. ஆயினும் இன்று அவற்றை அந்நியமாகக் கருதுவோர் எவருமில்லை.

அதே டெல்டாவின் ஒவ்வோர் ஊருக்கும் அருகில் ஒரு சேரி இருக்கிறது. அங்கே பறை இருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைக் குறிப்பிடுகிறது. அத்தனை தொன்மை இருந்தும் கர்நாடகக் கச்சேரியின் பக்கவாத்தியங்களுள் பறைக்கு இடமில்லை. ஆயிரக்கணக்கான கல் தொலைவில் பிறந்த வாத்தியம் ஒரு தலைமுறைக்குள் மேடையேறியது. அரைக்கல் தொலைவிலிருந்த வாத்தியமோ இன்றளவும் ஏறவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது?

பண்பாடுகளின் சந்திப்பு கலைகளை வளர்க்கும் என்பது நாம் பாடநூல்களில் படிக்கும் பொதுக்கருத்து. அது பொய்யன்று. எனினும் யாருடைய பண்பாடு யாருடைய பண்பாட்டைச் சந்திக்கலாம், எந்த இடத்தில் சந்திக்கலாம் என்பதைத் தீர்மானித்த அதிகாரம் எது என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. தஞ்சையைப் பொறுத்தவரை அந்த அதிகாரம் பெரும்பாலும் சாதியாகவே இருந்துள்ளது.

அரண்மனை என்னும் சந்திப்பு மேடை

1532 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர்களின் அவையில் தெலுங்கு செழித்தது. அடுத்து வந்த மராட்டியர் ஆட்சி, பெயரளவிலேனும், 1855 வரை நீடித்தது. அக்காலத்தில் மராத்தியும் சமஸ்கிருதமும் தெலுங்கும் தமிழும் ஓர் அவையிலேயே புழங்கின. மராத்தியக் கீர்த்தன மரபைத் தமிழுக்கேற்ப மாற்றியமைத்துக் கதாகாலட்சேபத்துக்கு ஒரு புதிய வடிவம் தந்தவராகத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அறியப்படுகிறார். தங்கத்தாள் ஒட்டிக் கல் பதித்த தஞ்சாவூர் ஓவியமும் இதே கலப்பில் உருப்பெற்றது.

1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி ஐரோப்பியப் பாதிரியார்களிடம் கல்வி பயின்றவர். மேற்கத்திய வாத்தியங்களைக் கொண்ட இசைக்குழு ஒன்றை அவர் தமது அரண்மனையில் வைத்திருந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் சதிர் ஆட்டத்தின் வரிசைமுறையைச் செப்பனிட்டதும் இக்காலத்தில்தான். பின்னாளில் இசை வேளாளர் எனப் பெயர்பெற்ற சமூகத்தைச் சேர்ந்த இந்நால்வருள் வடிவேலு, வயலினில் தேர்ந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் வாசித்த இசைமெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதச் சொற்களை இட்டு, ‘நோட்டுஸ்வரம்’ எனப்படும் சிறு பாடல்களை இயற்றினார். பிரிட்டிஷ் அரசகீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார்.

இவை யாவும் மெய்யான சாதனைகள். இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. நாம் சுட்டுவது ஒன்றைத்தான்: அந்நியமானது என்பதற்காக எதுவும் இந்த இசைக்குள் வர இயலாமற் போகவில்லை. புதியதை ஏற்கும் மனவிரிவு அந்த அவைக்கு இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்ததை எடுத்துக்கொண்ட அந்த மனவிரிவு, சேரியின் எல்லையில் நின்றுவிட்டது.

நெல்லின் கணக்கு

இந்தக் கலைகளுக்குச் செலவிட்ட பணம் எங்கிருந்து வந்தது? 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சரபோஜிக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் 5இல் 1 பங்கும் ஒதுக்கப்பட்டன. தஞ்சை நாட்டின் வருவாய் என்பது முதன்மையாக நெல். அந்த நெல்லை விளைவித்தவர்களுள் பெருந்தொகையினர் பறையர், பள்ளர் சமூகங்களைச் சேர்ந்த பண்ணையாட்களும் அடிமைகளுமே. அரண்மனை வாங்கிய ஒவ்வொரு வாத்தியத்திலும் அவர்களது உழைப்பின் பங்கு இருக்கிறது. அவ்வாத்தியங்களின் இசையைக் கேட்கும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை.

இந்தக் கணக்கு மராட்டியர் காலத்தில் தொடங்கியதன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜன் பெரிய கோயிலில் பொறித்த கல்வெட்டுகள் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைத் தருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களின் வரிநீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது அதே கோயிலின் கல்வெட்டுகள் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்னும் பெயர்களையும் குறிக்கின்றன. ஆடிய பெண்களின் பெயர்களைக் கல் நினைவில் வைத்திருக்கிறது. சேரியில் வாழ்ந்தவர்களை இடப்பெயராக மட்டுமே அது அறியும்.

மதம் மாறியது, இருக்கை மாறவில்லை

அரண்மனைக்கு வெளியே மற்றொரு சந்திப்பும் நிகழ்ந்தது. 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அச்சு இயந்திரமும் ஜெர்மானிய ஞானப்பாடல்களும் அவர்களது பணியின் வழியே டெல்டாவுக்கு வந்தன. சமத்துவத்தைப் பேசும் மதம் சாதியைத் தகர்க்கும் என்று ஒடுக்கப்பட்டோர் பலர் நம்பினர். ஆனால் அந்த மிஷனின் தேவாலயங்களில் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் நீடித்தது.

தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), தமிழ்க் கிறித்தவ இசையின் பெருங்கவிஞர். குறவஞ்சி என்னும் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவில் பெத்லகேமின் கதையைப் பாடியவர். கிறித்தவ வழிபாட்டுக்குள் கர்நாடக ராகங்களைக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர். புதிதாக வந்த பாதிரியார்கள் தமிழ்ப் பாடல்களை வழிபாட்டிலிருந்து விலக்க முனைந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் 1820களின் இறுதியில் அதே பாதிரியார்கள் வெள்ளாளரையும் பறையரையும் ஒன்றாக அமர்த்தி ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை பெறச் செய்ய முயன்றபோது, அதையும் அவர் அதே வேகத்தோடு எதிர்த்தார். தமிழ் இசையைக் காப்பதும் சாதி இருக்கையைக் காப்பதும் அவருக்கு ஒரே பண்பாட்டின் இரு பகுதிகளாகத் தோன்றின.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது மிகுதி. ‘நமது பண்பாடு’ என்ற சொல்லுக்குள் எவை எவை சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், அந்நிய ஆதிக்கத்துக்கு எதிரான குரலே உள்ளூர் ஆதிக்கத்தின் குரலாகவும் ஆகிவிடும்.

தோல் உள்ளே, கை வெளியே

தலித்துகளுக்கும் கர்நாடக இசைக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். பலாமரக் கட்டையின் இருபுறமும் மூட்டுகளைப் பொருத்தி, வார்களால் இழுத்துக் கட்டுகின்றனர். பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் இதற்குத் தேவை. வலந்தலையில், ஒருவகைக் கல்லின் பொடியையும் சோற்றையும் பிசைந்து கரணை இடப்படுகிறது. எந்தத் தோல் எத்தனை தடிப்பு இருக்க வேண்டும், கரணையை எத்தனை அடுக்காக இட வேண்டும், எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பவற்றைப் பொறுத்தே நாதம் அமைகிறது. இதைச் செய்வதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. கூர்த்த செவியும் வேண்டும்.

இத்தொழிலில் புகழ்பெற்ற குடும்பங்களுள் தஞ்சாவூரைச் சேர்ந்த தலித் கிறித்தவக் குடும்பங்கள் முக்கியமானவை. பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதைகளின் மிருதங்கங்கள் இக்கைகளில் உருவானவை. வாசிப்பவர் ‘இப்படி ஒலிக்க வேண்டும்’ என்பார். செய்பவர் அந்த ஒலியைத் தோலில் கண்டுபிடிப்பார். மிருதங்க நாதத்தின் இன்றைய பாணி இந்த இருவரின் கூட்டுப் படைப்பு. ஆனால் ஒருவருக்கு விருதும் பட்டமும் கிடைத்தன, மற்றவருக்குக் கூலி மட்டுமே கிடைத்தது. பசுவைப் புனிதம் என்பவர்கள் அதன் தோலில் வாசித்தனர். தோலைத் தொட்டவரைத் தீட்டு என்றனர்.

இவ்வரலாற்றை டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலில் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர இசைந்திருந்த சென்னை கலாக்ஷேத்ரா, பின்னர் அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. தோல் மேடையேறுவதில் எவருக்கும் சிக்கல் இல்லை. தோலின் கதை மேடையேறும்போதுதான் சிக்கல் எழுகிறது.

மறுப்பும் மீட்பும்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு கொட்டுவதைத் தடைசெய்து அங்கே சட்டம் இயற்றப்பட்டது. அங்கே முரசு தடுக்கப்பட்டது. இங்கே பறை கட்டாயமாக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அடித்தே தீர வேண்டும் என்ற விதி இருந்தது. இரண்டுமே ஒடுக்கப்பட்டோரின் ஒலியைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கும் முறைகள்தாம்.

எனவேதான், காவிரியின் வடபுறத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் பறையடிக்கும் ஊழியத்தை மறுக்கும் போராட்டங்களை நடத்தினார். பறையைத் தொடாதிருப்பது அன்று விடுதலையின் செயல். இதை உணராமல், ‘பழங்கலையைக் கைவிட்டுவிட்டார்களே’ என்று வருந்துவோர் அந்த ஊழியத்தின் வலியை அறியாதவர்கள்.

பின்னர் வந்த தலைமுறை அதே பறையை வேறுவிதமாகக் கையில் எடுத்தது. மதுரையில் இறையியல் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, கீர்த்தனை மரபு மேல்சாதி மதிப்பீடுகளைச் சுமப்பதாகக் கருதி, நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். 2017இல் உருவான ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பறையையும் கானாவையும் ராப், ராக் இசையோடு இணைத்தது. வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இங்கும் நிகழ்வது பண்பாடுகளின் சந்திப்பே. வேறுபாடு ஒன்றுதான்: எதனோடு கலப்பது, எவ்விதமாகக் கலப்பது என்பதை இம்முறை ஒடுக்கப்பட்டோரே தீர்மானிக்கின்றனர்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. இன்று பறை ‘தமிழர் கலை’யாகக் கல்லூரி விழாக்களிலும் புலம்பெயர் நாடுகளிலும் ஒலிக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் பறையை ஏற்றுக்கொண்டு பறையரை ஏற்க மறுத்தால், அது மிருதங்கத்தின் பழைய கதையே. கல்லூரி மேடையில் பறைக்குக் கைதட்டும் நண்பர்கள், தமது சொந்த ஊரில் சாவுக்குப் பறையடிப்பவர் விரும்பித்தான் வருகிறாரா, அவருக்கு உரிய கூலி தரப்படுகிறதா, அவர் எங்கே நிறுத்தப்படுகிறார் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதும் இதே டெல்டாவில்தான். அவர்களைப் போன்றோர் விளைவித்த நெல்லில்தான் தஞ்சையின் கலைகள் தழைத்தன. தஞ்சையின் கலைப்பெருமையைப் பேசும் ஒவ்வொரு வகுப்பறையிலும் வயலின் வந்த கதையோடு பறை வர இயலாத கதையும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.