அறிவியலும் பொய்ச்சான்று பகருமோ?

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். மாசற்ற அம்மாதின்மீது முதியோர் இருவர் பொய்ப்பழி சுமத்தினர். மக்கள் திரள் அதை அப்படியே நம்பியது. ஏன் நம்பியது? சான்று பகர்ந்தவர்கள் நரைத்த தலையினர், அத்துடன் நீதிபதிகள். இளைஞன் தானியேல் ஒருவனே எழுந்து, அவ்விருவரையும் தனித்தனியே வினவி, உண்மையை வெளிக்கொணர்ந்தான்.

அன்று நரைத்த தலைக்கிருந்த மதிப்பு இன்று சோதனைச் சாலைக்கு உண்டு. “அறிவியல் கூறிவிட்டது” என்றால் நாம் வாயடைத்துப் போகிறோம். அந்த அறிவியலும் தவறிழைத்தால் ஒரு குடும்பம் என்னவாகும்? இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் கதை இதற்கு விடை கூறும்.

ஒரு வீடு, ஏழு கைதிகள்

1974-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கில்ட்ஃபோர்டு நகரின் மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து ஐவர் மாண்டனர். மறுமாதம் வுல்விச்சில் மேலும் இருவர் மடிந்தனர். ஐரியக் குடியரசுப் படையின் கொடுஞ்செயல் இது. நாடு கொதித்தெழுந்தது. பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த ஜெர்ரி கான்லன் என்னும் இளைஞரும் வேறு சிலரும் பிடிபட்டனர். காவலில் அவரிடமிருந்து வரவழைக்கப்பட்ட வாக்குமூலம், லண்டனில் வாழ்ந்த அவருடைய உறவினர் ஆனி மகுவயர் அம்மையாரின் வீட்டைச் சுட்டியது.

டிசம்பர் 3-ஆம் நாள் அவ்வீட்டைக் காவலர் சூழ்ந்தனர். அங்கிருந்தோர் யார்? ஆனியும் கணவரும் பிள்ளைகளும், ஆனியின் சகோதரர், மனைவி மருத்துவமனையில் இருந்தமையால் தம் பிள்ளைகளை விட்டுச்செல்ல வந்த நண்பர் ஒருவர், மகனுக்கு வழக்கறிஞர் தேடி அன்றுதான் கடல் கடந்து வந்திருந்த நோயாளித் தந்தை ஜுசெப்பே கான்லன். வீட்டில் வெடிமருந்து ஏதும் அகப்படவில்லை. ஆனால் அவர்களுடைய கைகளிலிருந்து துடைத்தெடுத்த மாதிரிகள் சோதனைச் சாலைக்குச் சென்றன.

அச்சோதனை எத்தகையது? மெல்லிய பூச்சுள்ள தட்டின் அடியோரத்தில் மாதிரியைச் சொட்டு வைப்பர். ஒரு திரவம் தட்டில் ஊறி மேலேறும். பொருளுக்கேற்ப மாதிரியும் குறிப்பிட்ட உயரம் ஏறி நிற்கும். பின் மருந்து தெளித்தால் அங்கே நிறப்புள்ளி தோன்றும். நைட்ரோகிளிசரின் நிற்கவேண்டிய இடத்தில் புள்ளி தோன்றியது என்றனர் நிபுணர். ஆனியின் கைகளில் ஏதுமில்லை. அவர் வீட்டு வேலைக்குப் பயன்படுத்திய கையுறைகளில் மட்டும் புள்ளி தெரிந்ததாம்!

1976 மார்ச்சில் ஏழு பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஆனிக்கும் கணவருக்கும் 14 ஆண்டுகள். கைதானபோது 13 வயதே நிரம்பியிருந்த இளைய மகனுக்கு 4 ஆண்டுகள். ஜுசெப்பே கான்லனுக்கு 12 ஆண்டுகள்.

சீட்டுக்கட்டு செய்த வினை

அதே 1974 நவம்பர் 21-இல் பர்மிங்காமில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். ஐரியர் அறுவர் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களுள் சிலருடைய கைகளில் வெடிமருந்து பட்டிருந்தது 99 விழுக்காடு உறுதி என்று நிபுணர் ஒருவர் சான்று பகர்ந்தார். அவர்களோ இரயிலில் சீட்டாடிக்கொண்டு பயணம் செய்தவர்கள். சீட்டுகளின் பளபளப்பான பூச்சிலுள்ள நைட்ரோசெல்லுலோஸ்கூட அதே சோதனையில் அதே நிறத்தைத் தரும் என்பது பின்னர் செய்துகாட்டப்பட்டது. 16 ஆண்டுகள் சிறையில் கழிந்தபின், 1991 மார்ச் 14-இல் அறுவரும் விடுதலையாயினர்.

ஆயரின் குரல்

சிறையில் வாடியவர்களை அனைவரும் மறந்துவிடவில்லை. சாரா கிளார்க் என்னும் ஐரியக் கன்னியர், பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் ஐரியக் கைதிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் தேடிச் சென்றார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் பேசில் ஹியூம் ஜுசெப்பேயைச் சிறையில் சந்தித்தார். இவர் குற்றமற்றவர் என உள்ளத்தில் உறுதி கொண்டு அரசிடம் முறையிட்டார். எனினும் 1980 ஜனவரியில் ஜுசெப்பே கைதியாகவே கண்மூடினார். மகனைக் காக்க வந்த தந்தை வீடு திரும்பவேயில்லை.

கர்தினால் சோர்ந்துவிடவில்லை. 1987-இல் முன்னாள் உள்துறை அமைச்சர்கள் இருவரையும் ஓய்வுபெற்ற மூத்த நீதிபதிகள் இருவரையும் உடன் சேர்த்துக்கொண்டு மீண்டும் உள்துறை அமைச்சரை அணுகினார். 1989-இல் ஜெர்ரி கான்லன் உள்ளிட்ட நால்வர் விடுதலையாயினர். தொடர்ந்து நடந்த விசாரணையில் சோதனையின் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வேறொரு வெடிபொருளும் அத்தட்டில் அதே இடத்தில் நிற்கக்கூடும். எவ்வகைக் குற்றமும் செய்யாதவரின் கையிலும், பிறர் தொட்ட துவாலை போன்றவற்றால் அப்பொருள் ஒட்டக்கூடும். எதிர்த்தரப்புக்குத் தெரிவித்திருக்க வேண்டிய சோதனைக் குறிப்புகள் தெரிவிக்கப்படவுமில்லை. 1991 ஜூன் 26-இல் எழுவர்மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது. அதற்குள் உயிரோடிருந்த அறுவரும் தண்டனையை முழுதும் அனுபவித்துவிட்டனர்! 2005-இல் பிரதமர் டோனி பிளேர் அக்குடும்பங்களிடம் மன்னிப்புக் கோரினார்.

இது பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. குற்றவாளியின் மயிரை நுண்பெருக்கியில் ஒப்பிட்டு அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் அளித்த சான்றுகளை மறு ஆய்வு செய்தபோது, பார்வையிட்ட வழக்குகளுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் தவறான கூற்றுகள் இருந்ததாக 2015-இல் அத்துறையே ஒப்புக்கொண்டது.

நமக்கு என்ன பாடம்?

அறிவியலை நாம் பழிக்கவில்லை. அதுவும் இறைவன் ஈந்த அறிவின் கனியே. மரபணுச் சோதனையால் சிறைமீண்ட மாசற்றோர் பலர். குறை, கருவியிடம் மட்டுமன்று. “இருக்கலாம்” என்பதை “இருக்கிறது” என்றுரைக்கும் மனிதரிடமும், பழிவாங்கத் துடிக்கும் கூட்டத்தின் அவசரத்திடமும் உள்ளது. எட்டாம் கட்டளை, மனதாரப் பொய்யுரைப்பதை மட்டுமா தடுக்கிறது? அறியாததை அறிந்ததுபோல் கூறி அயலானின் பெயரைக் கெடுப்பதும் அதற்கு முரண் அன்றோ!

பெற்றோரே, செய்தித்தாளில் ஒருவர் கைதான செய்தியைப் படித்ததும், “இவன்தான் செய்திருப்பான்” என்று நம் வீட்டுத் திண்ணையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அவ்வேளையில் சூசன்னாவை நினைவுகூர்வோம். “வேறு விதமாகவும் இருக்கலாமோ?” என்று வினவும் தானியேலின் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். பொய்ச்சான்றால் தீர்ப்பிடப்பட்ட நம் ஆண்டவர், சிறையில் தம்மைக் காண வந்தோமா என்று ஒருநாள் நம்மையும் வினவுவார். இன்றிரவு குடும்பச் செபமாலையில், குற்றமின்றிச் சிறையில் வாடுவோருக்காகவும் ஒரு பத்து மணி செபிப்போமாக.